பாதி ஊருக்கு மட்டும் மருந்து

வாசகர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குவோம். ஒரு தீவில் பிளேக் நோய் பரவி, மக்கள் நாள்தோறும் மடிந்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் ஒரு டாக்டர். உங்கள் கையில் புதிய மருந்து ஒன்று இருக்கிறது. சோதனைக் குழாயில் அது பிளேக் கிருமிகளைக் கரைத்து அழித்துவிடுகிறது. மனித உடலிலும் அவ்வாறு செய்யுமா என்பது எவருக்கும் தெரியாது. மருந்தை எல்லோருக்கும் கொடுப்பீர்களா? அல்லது பாதிப் பேருக்குக் கொடுத்து, மறு பாதியை மருந்தில்லாமல் விட்டு, இரு பக்கத்திலும் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பீர்களா?

'எல்லோருக்கும் கொடுப்பேன்' என்றுதான் நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். மனித இதயம் உள்ளவர்கள் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் இந்த விடையில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதை ஒரு முழு நாவலாக்கி நம்முன் வைத்தவர் அமெரிக்க எழுத்தாளர் சிங்க்ளேர் லூயிஸ். நாவலின் பெயர் 'ஆரோஸ்மித்'. 1925ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு அளிக்கப்பட்டபோது லூயிஸ் அதை ஏற்க மறுத்துவிட்டார். 1930இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஓர் அறிவியல் இதழில் பழைய நாவலைப் பற்றி எதற்காகப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த நாவலில் வரும் மருந்து இன்று மீண்டும் செய்தியாகியிருக்கிறது என்பதே காரணம். பாக்டீரியோஃபேஜ் என்பது அதன் பெயர். சுருக்கமாக ஃபேஜ் என்பார்கள்.

கிருமிக்கும் ஒரு கிருமி

ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். 1915இல் இங்கிலாந்தில் ஃப்ரெடரிக் ட்வார்ட் என்பவரும், 1917இல் பாரிஸ் நகரிலுள்ள பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் ஃபெலிக்ஸ் டெரெல் என்பவரும் தனித்தனியே இதைக் கண்டார்கள். 'பாக்டீரியாவைத் தின்பது' என்ற பொருளில் பெயர் வைத்தவர் டெரெல்.

இது வேலை செய்யும் முறை வியப்புக்குரியது. பாக்டீரியாவின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் இடத்தை ஃபேஜ் தேடிப் பற்றிக்கொள்கிறது. தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்துகிறது. பிறகு பாக்டீரியாவின் உறுப்புகளே ஃபேஜ்களைத் தயாரிக்கும் தொழிற்சாலையாக மாறிவிடுகின்றன. சுமார் அரை மணி நேரத்தில் பாக்டீரியா வெடிக்கிறது; நூறு வரையிலான புதிய ஃபேஜ்கள் வெளியேறி அடுத்த பாக்டீரியாக்களைத் தேடிச் செல்கின்றன. கலங்கலாக இருந்த கிருமிக் குழம்பு சில மணி நேரத்தில் தெளிந்த நீராகிவிடும்!

பெனிசிலின் முதலான ஆன்டிபயாட்டிக் மருந்துகள் 1940களில் பெருமளவில் புழக்கத்துக்கு வந்தபின் மேலை நாடுகள் ஃபேஜ்களை மறந்தன. சோவியத் நாட்டில், குறிப்பாக ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் இந்த மருத்துவம் தொடர்ந்தது. இப்போது நிலைமை மாறிவிட்டது. ஆன்டிபயாட்டிக்குகளுக்குப் பணியாத பாக்டீரியாக்கள் பெருகிவிட்டன. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இத்தகைய எதிர்ப்புத் திறனின் நேரடி விளைவாக இறந்தார்கள் என்று ஒரு விரிவான கணக்கீடு காட்டியது. ஆகவேதான் ஃபேஜ் மீண்டும் அழைக்கப்படுகிறது. எனவே அந்த நாவலையும் நாம் மீண்டும் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நாவலின் கதை

மார்ட்டின் ஆரோஸ்மித் ஓர் இளம் டாக்டர். மாக்ஸ் காட்லீப் என்னும் முதிய பேராசிரியரிடம் பாக்டீரியா இயல் பயின்றவன். காட்லீப்புக்கு ஆராய்ச்சியே சமயம். ஒப்பிட்டுப் பார்க்காத சோதனை அவருக்குச் சோதனையே அன்று. பல ஊர்களிலும் பல வேலைகளிலும் அலைந்தபின், நியூயார்க்கில் பெரும் பணக்காரர் ஒருவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் மார்ட்டினுக்கு வேலை கிடைக்கிறது. ஒருநாள் அவன் வளர்த்த கிருமிகள் காரணமின்றிக் கரைந்துபோகின்றன. இரவு பகலாக உழைத்து அதன் காரணத்தைத் தேடுகிறான். ஏறக்குறைய வெற்றி கண்ட வேளையில், டெரெல் என்பவர் அதை முன்பே வெளியிட்டுவிட்டார் என்ற செய்தி வருகிறது. கற்பனைப் பாத்திரத்தை உண்மை விஞ்ஞானி ஒருவர் முந்திக்கொள்கிறார்! நாவல் இலக்கியத்தில் இது அரிய காட்சி.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான செயின்ட் ஹூபர்ட்டில் பிளேக் பரவுகிறது. (தீவு கற்பனையே.) மார்ட்டின் பிளேக் ஃபேஜுடன் புறப்படுகிறான். பாதிப் பேருக்கு மட்டுமே மருந்து கொடுக்க வேண்டும், இரக்கத்துக்கு இடம் கொடுத்துச் சோதனையைக் கெடுத்துவிடக் கூடாது என்பது காட்லீப்பின் கட்டளை. மார்ட்டினும் உறுதி கூறுகிறான். கூடச் செல்லும் சுவீடன் நாட்டவரான சோண்டெலியஸ் என்ற முதிய டாக்டர், எல்லோருக்கும் கிடைக்கும்வரை தமக்கும் மருந்து வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார். பிளேக் அவரைக் கொல்கிறது. பிறகு மார்ட்டினின் மனைவி லியோராவும் பிளேக்கினால் தனியே இறக்கிறாள். அப்போது மார்ட்டின் வேறோர் ஊரில் தன் சோதனையில் மூழ்கியிருக்கிறான்.

துயரத்தில் அவன் மனம் உடைகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் மருந்தைக் கொடுத்துவிடுகிறான். பிளேக் ஓய்கிறது. தீவு அவனை மீட்பராகக் கொண்டாடுகிறது. நியூயார்க் நிலையமும் வெற்றி முழக்கம் செய்யத் துடிக்கிறது. தன் குற்றத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கக் காட்லீப்பிடம் ஓடுகிறான். ஆனால் அவரோ அறிவு மழுங்கி, வந்தவன் யார் என்றே அறியாத நிலையில் இருக்கிறார். மன்னிக்கவும் ஆளில்லை, தண்டிக்கவும் ஆளில்லை. நாவலின் மிகச் சிறந்த இடம் இதுவே என்பேன்.

நாவலாசிரியர் சொல்லாமல் விட்டது

ஃபேஜ் அந்தத் தீவு மக்களைக் காப்பாற்றியதா? நாவல் முழுவதையும் படித்த பின்னும் உங்களுக்குத் தெரியாது. தெரிய வழியில்லை என்பதுதான் நாவலின் செய்தி. கேரிப் என்ற சிற்றூரில் எல்லோருக்கும் மருந்து கொடுத்ததும் நோய் குறைந்தது உண்மை. ஆனால் மார்ட்டின் அங்கே போகுமுன்பே நோய் தன் உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருக்கலாமே என்று ஒரு புள்ளியியல் வல்லுநர் கேட்கிறார். மார்ட்டினிடம் பதில் இல்லை.

கொள்ளைநோய்கள் தாமாக ஏறி, தாமாக இறங்குபவை. இறங்கும் நேரத்தில் யார் என்ன கொடுத்தாலும் பலித்ததுபோலவே தோன்றும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இந்த உண்மையை ஒரு பாடநூல் ஒரு வரியில் சொல்லிவிடும். மாணவனும் ஒரு வரியில் மறந்துவிடுவான். லூயிஸ் அதை ஒரு மனிதனின் துயரமாக்கியதால் மறக்க முடிவதில்லை. இந்தச் சாதனைக்குப் பின்னால் இன்னொருவரும் இருந்தார். பால் டி க்ரூயிஃப் என்ற பாக்டீரியா இயல் அறிஞர், ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விலகியவர், லூயிஸுடன் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பயணம் செய்து அறிவியல் செய்திகளையெல்லாம் தந்தார். நூலின் வருவாயில் நான்கில் ஒரு பங்கு அவருக்குச் சென்றது.

நாவலின் குறைகள்

இவ்வளவு பாராட்டியபின் குறைகளையும் சொல்வதே நேர்மை.

முதல் குறை அறிவியல் பற்றியது. நாவலில் ஃபேஜ் ஏதோ புட்டியில் அடைத்த டானிக் போலத் தோன்றுகிறது. ஊசி போட்டால் தீர்ந்தது. உண்மையில் ஃபேஜ் மிகவும் பிடிவாதக்காரன். ஒரே வகைப் பாக்டீரியாவுக்குள்ளும் சில குலங்களைத் தாக்கும்; மற்றவற்றைத் தொடாது. உங்கள் நண்பரைக் குணப்படுத்திய ஃபேஜ், அதே நோய் கண்ட உங்களுக்குப் பயன்படாமல் போகலாம். மேலும், பாக்டீரியா ஃபேஜையும் எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். நாவல் எழுதப்பட்ட காலத்தில் இவையெல்லாம் முழுதும் தெரிந்திருக்கவில்லை என்பதால் லூயிஸை மன்னித்துவிடலாம்.

இரண்டாவது குறையை அவ்வளவு எளிதில் மன்னிக்க இயலாது. சோதனைக்கு உட்படும் தீவு மக்கள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பர்கள். அவர்களில் பாதிப் பேர் மருந்தின்றி விடப்படுகிறார்கள். அதற்கு அவர்கள் இசைந்தார்களா என்பதை நாவல் ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொள்ளவே இல்லை. மார்ச்சண்ட் என்ற கறுப்பின டாக்டர் ஒருவரை மட்டும் மதிப்போடு படைத்திருக்கிறார் லூயிஸ். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. மார்ட்டினின் உறுதியைக் குலைப்பது அவன் மனைவியின் சாவு; அதற்குமுன் மடிந்த நூற்றுக்கணக்கான தீவு மக்களின் சாவு அன்று! இதை லூயிஸ் வேண்டுமென்றே காட்டினாரா, அறியாமல் காட்டினாரா என்று நீங்களே படித்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது குறை மிக முக்கியமானது. உண்மையும் இரக்கமும் எதிரிகள், ஒன்றைக் கொன்றால்தான் மற்றது வாழும் என்ற எண்ணத்தை நாவல் நம் மனத்தில் விதைக்கிறது. அது சரியா? 1947-48இல் பிரிட்டனில் காச நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்த விதத்தைப் பாருங்கள். மருந்து மிகவும் தட்டுப்பாடு. எல்லோருக்கும் கொடுக்க இயலாது. யாருக்குக் கொடுப்பது? சிபாரிசு உள்ளவருக்கா, பணம் உள்ளவருக்கா? குலுக்கல் போலத் தற்செயல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். மறு பகுதியினருக்கு அன்று வழக்கத்தில் இருந்த படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. அதன்பின் உலகம் முழுவதும் அந்த மருந்தை நம்பிப் பயன்படுத்த முடிந்தது. அங்கும் ஒரு குறை இருந்தது: ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களுக்குத் தாங்கள் சோதனையில் இருப்பது சொல்லப்படவில்லை. நோயாளியின் இசைவைப் பெற்றே சோதிக்க வேண்டும் என்ற நெறி பின்னர்தான் வலுப்பெற்றது. ஆனாலும் உண்மையைத் தேடும் வழியே நியாயமான வழியாகவும் அமைய முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

கதை நிகழ்ந்தது நம் நாட்டில்

நாவல் வெளிவந்த அதே 1925ஆம் ஆண்டில், எகிப்தில் பிளேக் கண்ட நான்கு பேருக்கு டெரெல் ஃபேஜை ஊசி மூலம் செலுத்தினார். நால்வரும் பிழைத்தார்கள். இச்செய்தி பரவியதும் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இந்தியாவுக்கு அவர் அழைக்கப்பட்டார். பம்பாயிலுள்ள ஹாஃப்கின் நிலையத்திற்கு வந்தார். 1927இல் காலரா நோயாளிகளிடையே பணி செய்தார். பிறகு அரசின் ஃபேஜ் விசாரணை 1936 வரை நடந்தது. அஸ்ஸாமில் நவ்காவ் பகுதியில் காலரா ஃபேஜ் மக்களுக்கு வழங்கப்பட்டது. ஹபிகஞ்ச் பகுதி ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டது. ஆம், செயின்ட் ஹூபர்ட் தீவில் மார்ட்டின் செய்ய முயன்றதே அஸ்ஸாமில் நிகழ்ந்தது!

நவ்காவில் சாவு குறைந்தது. ஆனால் காலராவும் பிளேக்கைப் போல ஏறி இறங்கும் நோய். ஓர் ஊரின் நீர்நிலை வேறு, மற்றோர் ஊரின் நீர்நிலை வேறு. இரண்டே இரண்டு பகுதிகளை ஒப்பிட்டு, குறைந்ததற்கு ஃபேஜ்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஐயத்துக்கு இடமில்லாத முடிவு கிட்டாமலே விசாரணை முடிந்தது. இதற்கிடையே 1934இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்காக ஈட்டன், பெய்ன்-ஜோன்ஸ் என்ற இருவர் அதுவரை வந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுரைகளை அலசிப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் சான்று முரணாகவே இருந்தது. சில ஸ்டாஃபிலோகாக்கஸ் தொற்றுகள் போன்றவற்றில் மட்டுமே ஓரளவு நம்பத்தக்க பயன் தெரிந்தது.

ஒரே ஒரு பெரிய சோதனையை இங்கே குறிப்பிட வேண்டும். 1963-64இல் திபிலிசி நகரில் 30,769 குழந்தைகள் பங்கு பெற்றார்கள். தெருவின் ஒரு பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை சீதபேதிக்கான ஃபேஜ். எதிர்ப்பக்கத்துக் குழந்தைகளுக்கு இல்லை. 109 நாட்கள் கவனித்தார்கள். ஃபேஜ் பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 1.76 பேருக்கும், பெறாதவர்களில் ஆயிரத்துக்கு 6.7 பேருக்கும் சீதபேதி வந்தது. ஒரே தெரு, ஒரே காலம் என்பதால் ஒப்பீட்டுக்குப் பொருள் இருந்தது. ஆயினும் இது நோய் வராமல் தடுப்பதற்கான சோதனை. வந்த நோயைத் தீர்ப்பதற்கான சோதனை அன்று.

இன்றைய ஆரோஸ்மித்கள்

2019இல் 'தி பெர்ஃபெக்ட் பிரடேட்டர்' என்ற நூல் வெளிவந்தது. எழுதியவர்கள் ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டியும் அவர் கணவர் தாமஸ் பேட்டர்சனும். 2015இல் எகிப்துக்குச் சுற்றுலா சென்ற பேட்டர்சனை, ஆன்டிபயாட்டிக் எதற்கும் பணியாத அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா தாக்கியது. நினைவிழந்து சாவின் விளிம்பில் கிடந்தார். மனைவி ஒரு தொற்றுநோயியல் பேராசிரியர். அவர் உலகெங்கும் ஃபேஜ் ஆய்வாளர்களுக்கு எழுதினார். கடிதம் கண்டவர்கள் கழிவுநீரிலும் தங்கள் சேமிப்பிலும் தேடிப் பொருத்தமான ஃபேஜ்களைக் கண்டெடுத்தார்கள். 2016 மார்ச்சில் அவை அவர் உடலில் செலுத்தப்பட்டன. அவர் பிழைத்தார்.

படிப்பவர் கண் கலங்கும் நூல் அது. காட்டுக்குள் தனித்துச் சென்று ஆராயும் விஞ்ஞானியோடு 'ஆரோஸ்மித்' முடிகிறது. இந்த நூலோ பல நிலையங்கள், பல மனிதர்கள் கைகோத்த கதை. அவ்வகையில் நாவலைவிட இது உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஆனால் அறிவியல் மாணவராக நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. பேட்டர்சனுக்கு ஃபேஜோடு ஆன்டிபயாட்டிக்குகளும் கொடுக்கப்பட்டன. பாக்டீரியா முதலில் கொடுத்த ஃபேஜ்களை எதிர்க்கத் தொடங்கியதால் புதிய ஃபேஜ் தேட வேண்டியதாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் ஒரே ஒரு மனிதர். கேரிப் சிற்றூரின் கதையைவிடச் சிறிய கதை!

2024இல் 100 நோயாளிகளின் ஃபேஜ் சிகிச்சை விவரங்கள் ஒருங்கே வெளியாயின. பெல்ஜியத்திலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட சிகிச்சை அது. ஏறத்தாழ 77 விழுக்காட்டினருக்கு உடல்நிலை தேறியது. நல்ல செய்தி. ஆனால் ஃபேஜ் பெறாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த சோதனை ஒன்றையும் பாருங்கள். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தீப்புண் நோயாளிகள் 27 பேரிடம் 12 ஃபேஜ்கள் கொண்ட கலவையை, வழக்கமான வெள்ளிச் சத்துக் களிம்போடு ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2019இல் வெளியாயின. களிம்புதான் விரைவாக வேலை செய்தது. காரணம் தேடியபோது, தயாரித்தபின் ஃபேஜ்களின் வீரியம் குன்றிப்போய், திட்டமிட்டதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த அளவே நோயாளிகளுக்குக் கிடைத்தது தெரியவந்தது. இது தோல்விதான். என்றாலும் நமக்கு ஒன்றைக் கற்பித்த தோல்வி. ஒப்பிடாமல் கொடுத்திருந்தால், ஆறிய புண்களெல்லாம் ஃபேஜின் கணக்கில் ஏறியிருக்கும். வீரியம் குன்றியது வெளியே வராமலே போயிருக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வேறு மருந்து இல்லாமல் சாகக் கிடப்பவருக்கு ஃபேஜைக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுக்கத்தான் வேண்டும். சோண்டெலியஸின் இரக்கம் இல்லாத மருத்துவம் நமக்கு வேண்டாம். ஆனால் அப்படிப் பிழைத்தவர்களின் கதைகளை மட்டும் அடுக்கிக்கொண்டே போனால், டெரெலின் காலம்போல இன்னும் ஒரு நூறாண்டு ஐயத்திலேயே கழிந்துவிடும். அதற்குள் எதிர்ப்புத் திறன் பெற்ற பாக்டீரியாக்கள் எத்தனை உயிர்களைக் கொண்டுபோகுமோ!

ஆகவே, ஃபேஜ் பற்றிய செய்தி ஒன்றை நீங்கள் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். ஃபேஜ் பெறாதவர்களோடு ஒப்பிட்டார்களா? அந்த நோயாளியின் பாக்டீரியாவை அந்த ஃபேஜ் தாக்கும் என்று முன்பே சோதித்தார்களா? கூடவே வேறு மருந்தும் கொடுத்தார்களா? இம்மூன்றுக்கும் பதில் தராத செய்தி நம்பிக்கை தரலாம், சான்று ஆகாது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது திரும்புவோம். அந்தத் தீவில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? என் விடை இது: மக்களிடம் உண்மையைச் சொல்வேன். இது பலிக்குமா என்று எனக்கும் தெரியாது என்பேன். எலி ஒழிப்பு முதலிய, தெரிந்த பாதுகாப்புகளை இரு பகுதியாருக்கும் சமமாகச் செய்வேன். இசைந்தவர்களிடையே குலுக்கல் போடுவேன். வேறுபாடு தெளிவாகத் தெரிந்த அன்றே எல்லோருக்கும் கொடுத்துவிடுவேன்.

உங்கள் விடை வேறாக இருக்கலாம். 'ஆரோஸ்மித்' நாவலைத் தேடிப் படித்துவிட்டு அதை முடிவு செய்யுங்கள். அளவில் பெரிய ஆங்கில நாவல்தான். நடுவே சில பகுதிகள் இழுக்கும். ஆனால் தீவு வரும் பகுதிக்கு வந்துவிட்டால், முடிக்காமல் கீழே வைக்கமாட்டீர்கள்.